கடப்பா கல் ஷோகேஸிலிருந்து இறங்கிய ஸ்பீக்கர்கள்: ஒரு வீட்டு ஹை-ஃபை சீரமைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பாட்டுக் கேட்கும் இடம் வீட்டின் கூடம்: 4.6 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் அகலம், 2.9 மீட்டர் உயரம். தரை விட்ரிஃபைட் டைல்ஸ். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த வழவழப்பான சுவர்கள். வலது பக்கம் பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவு, அதில் மெல்லிய திரை. அகலவாட்டுச் சுவரில் வீடு கட்டும்போதே கடப்பா கல் பதித்து அமைத்த ஷோகேஸ். நடுவில் டிவி, இரு ஓரத் தட்டுகளிலும் ஸ்பீக்கர்கள். சோபா எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடந்தது.

சிஸ்டம் எளிமையானது. பக்கத்துக்கு 60 வாட் தரும் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர், வயது சுமார் 12. ஆறரை அங்குல ஊஃபரும் (கீழ் ஒலிகளுக்கான கூம்பு) ட்வீட்டரும் (உச்ச ஒலிகளுக்கானது) கொண்ட இருவழி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், காற்றுத்துளை பின்பக்கம். ஒரு டர்ன்டேபிள், டிவி, கேபிள் செட்-டாப் பாக்ஸ். கேட்பவர் பணி ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் கர்நாடக இசைக் கச்சேரிகள், கொஞ்சம் பழைய எல்பி இசைத்தட்டுகள்.

வீட்டுக்குப் பெயின்ட் அடித்த சில வாரங்களில் குறை தொடங்கியது. "ஆள் பாடறது எங்கேருந்துன்னே தெரியலைடா. மிருதங்கம் தகர டப்பா மாதிரி கேக்குது" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். "ஆம்ப் பழசாயிடுச்சுப்பா, மாத்திடலாம்" என்பது மகனின் பதில். கடையில் விசாரித்தபோது புது ஆம்ப்ளிஃபயரும் விலை கூடிய ஸ்பீக்கர் கேபிளும் வாங்கச் சொன்னார்கள். பணம் செலவழிக்கும் முன் இருப்பதை ஒருமுறை முழுதாகப் பரிசோதித்துவிடலாம் என்று குடும்பத்தில் முடிவானது. அந்தப் பரிசோதனையில் தொடங்கி நடந்தவற்றின் பதிவு இது.

முதல் அளவீடு

கையில் இருந்தவை: ஒரு மடிக்கணினி, யூமிக்-1 யுஎஸ்பி மைக், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள், மல்டிமீட்டர், டேப். சோபாவில் உட்காருபவரின் காது உயரமான 95 சென்டிமீட்டரில் மைக்கை நிறுத்தி, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை மூன்று முறை ஸ்வீப் (தாழ்விலிருந்து உச்சம் வரை ஏறும் சோதனை ஒலி) ஓட்டப்பட்டது: இடது மட்டும், வலது மட்டும், இரண்டும் சேர்த்து.

தனித்தனியாக ஓடியபோது இரு ஸ்பீக்கர்களிலும் கீழே 50 ஹெர்ட்ஸ் வரை பாஸ் (அடி ஒலி) இருந்தது. சேர்ந்து ஓடியபோது 60 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை, ஒற்றை ஸ்பீக்கர் தந்த அளவுகூட வரவில்லை. ஒரே பாஸ் சிக்னலை இரண்டு ஸ்பீக்கர்கள் ஒரே திசையில் தள்ளினால், ஒன்று மட்டும் ஓடுவதைவிடச் சுமார் 6 டெசிபல் கூட வேண்டும். இங்கே 100 ஹெர்ட்ஸ் அருகே 9 டெசிபல் குறைந்தது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது, அதாவது போலாரிட்டி (பிளஸ்-மைனஸ் இணைப்பு) எங்கோ மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

மைக்கும் மென்பொருளும் இல்லாத வீட்டிலும் இதைக் கண்டுபிடிக்க முடியும். ஆம்ப்ளிஃபயரை மோனோவில் வைத்து ஒற்றைக் குரல் பதிவு ஒன்றைப் போட வேண்டும். இணைப்பு சரியாக இருந்தால் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஒரே இடத்தில் நிற்கும். மாறியிருந்தால் அறை முழுக்கச் சிதறும், அடிக்குரல் மெலியும்.

பென்சில் பேட்டரியும் கதவு நிலையும்

இரண்டு ஸ்பீக்கர்களின் பின்புறமும் ஆம்ப்ளிஃபயரின் பின்புறமும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு. இப்படிக் கண்ணால் பார்த்துத் திருப்தியடைந்து விட்டுவிடுவதால்தான் இந்தக் கோளாறு பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

எனவே 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியால் சோதிக்கப்பட்டது. முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஸ்பீக்கர் ஒயர்களை அதன் பக்கம் முழுதாகக் கழற்ற வேண்டும். பேட்டரி ஆம்ப்ளிஃபயரில் பட்டுவிடக் கூடாது. ஸ்பீக்கரின் முன்துணியை எடுத்துவிட்டு, ஒருவர் ஊஃபரில் டார்ச் அடித்துக் கவனிக்க, இன்னொருவர் ஒயரின் சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் அரை வினாடி தொட்டு எடுக்க வேண்டும். கூம்பு வெளியே தள்ளினால் சரி. ட்வீட்டருக்கு இதனால் ஆபத்தில்லை. ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸோவரில் உள்ள கபாசிட்டர் நேர்மின்னோட்டத்தை அங்கே விடாது.

இடது ஊஃபர் வெளியே வந்தது. வலது உள்ளே போனது.

வலது ஒயரை அங்குலம் அங்குலமாகத் தொடர்ந்ததில், கதவு நிலைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கேசிங்குக்குள் ஓர் ஒட்டு கிடைத்தது. பெயின்ட் அடிக்கும்போது ஒயரைக் கதவைச் சுற்றிக் கொண்டுபோக நீளம் போதாமல், நடுவில் 3 மீட்டர் வெள்ளை ஒயரைச் சேர்த்திருந்தார்கள். இரட்டை ஒயரின் இரு இழைகளும் வெள்ளை. வரியும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு முனையில் சிவப்போடு முறுக்கிய இழை, மறுமுனையில் கறுப்போடு முறுக்கப்பட்டிருந்தது. இன்சுலேஷன் டேப்பின் பசை வெயிலில் இளகிக் கையில் கறுப்பாக ஒட்டியது. உள்ளே செம்பு கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. கடற்காற்று வீசும் வீடுகளில் சால்டர் இல்லாமல் முறுக்கி விட்ட ஒட்டு சீக்கிரம் இந்த நிலைக்கு வரும்.

ஒட்டை மட்டும் சரிசெய்யாமல் ஒயரையே மாற்றுவது என்று தீர்மானிக்கப்பட்டது. வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று, லேசாக முறுக்கி, நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே நீளமாக இழுக்கப்பட்டது. இதன் பலனைப் பெரிதாக்கிச் சொல்லக் கூடாது. பழைய 23/0076 (23 மெல்லிய இழைகள் கொண்ட) ஒயரில் வலது பக்கத்து 7 மீட்டருக்குப் போகவர மின்தடை சுமார் 0.36 ஓம், புது ஒயரில் 0.1 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது கால் டெசிபலை ஒட்டிய வித்தியாசம். குறையைத் தீர்த்தது ஒயரின் தடிமன் அன்று, சரியான இணைப்பு. கடையில் சொன்ன விலை கூடிய கேபிளை வாங்கி எலக்ட்ரீஷியனை வைத்து இழுத்திருந்தாலும் இதே பலன் கிடைத்திருக்கும். ஆனால் பெருமை முழுவதும் கேபிளுக்குப் போயிருக்கும்.

"முன்னாடியே தேவலை"

இணைப்பு சரியானதும் பாடகர் நடுவில் வந்து உட்கார்ந்தார். கூடவே பாஸ் பொங்கியது. மிருதங்கத்தின் தொப்பி அடி ஒவ்வொன்றும் அடுத்த அடி வரை நீண்டு, சொற்கட்டுகள் ஒன்றோடொன்று குழம்பின. கேட்பவருக்குப் பிடிக்கவில்லை. முன்னாடியே தேவலை என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாஸ் மெலிந்திருந்த மாதங்களில் அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயரில் பாஸைத் தூக்கிக் கொடுக்கும் லவுட்னெஸ் பொத்தானைப் போட்டு, பாஸ் குமிழையும் கூட்டி வைத்திருந்தார். அவை அப்படியே இருந்தன. இரண்டையும் இயல்புநிலைக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்தபோதும் 76 ஹெர்ட்ஸில் ஒரு மேடு நின்றது. 200 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான சராசரியைவிட 9 டெசிபல் உயரம்.

இந்த எண் அறையிலிருந்து வருகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர். அதை நீளத்தின் இருமடங்கான 9.2ஆல் வகுத்தால் 38 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 76. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே இந்த அதிர்வெண்களில் ஒலி தேங்கி நிற்கும். அழுத்தம் சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும். ஸ்பீக்கர்கள் ஒரு சுவரில், சோபா எதிர்ச்சுவரில். இந்த ஒலியை எழுப்புவதற்கும் கேட்பதற்கும் அறையில் இவற்றைவிட மோசமான இடங்கள் இல்லை. 38 ஹெர்ட்ஸ் இந்தச் சிறிய ஸ்பீக்கரின் எல்லைக்குக் கீழே இருந்ததால் அது தொந்தரவு தரவில்லை.

செலவில்லாத சோதனை முதலில் செய்யப்பட்டது. சோபாவுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து அதே பதிவு மீண்டும் ஓடியது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் முன்னும் பின்னுமாகச் சாய்ந்து பார்த்து, வித்தியாசத்தைத் தானே உணர்ந்துகொண்டார். கணக்கும் ஒத்துப்போனது: காது பின்சுவரிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்து 90 சென்டிமீட்டருக்கு வந்தால், 76 ஹெர்ட்ஸ் அழுத்தம் ஏறக்குறைய 9 டெசிபல் விழ வேண்டும். பின்சுவர் ஓரமாகப் போய்வர வழி விட்டதுபோலவும் ஆயிற்று என்று வீட்டில் ஒப்புக்கொண்டதால் சோபா அந்த இடத்துக்கே நகர்த்தப்பட்டது. மென்பொருளில் மேடு 2 டெசிபலாகக் குறைந்தது.

ஷோகேஸிலிருந்து ஸ்டாண்டுக்கு

மேடு அடங்கினாலும் குரலில் ஒரு பானைக்குள்ளிருந்து வரும் தொனி மிச்சமிருந்தது. காரணம் கடப்பா கல் தட்டு. மூன்று பக்கம் சுவரும் மேலும் கீழும் கல்லுமாக மூடிய பொந்துக்குள் ஸ்பீக்கர் இருந்தது. பின்பக்கத் துளையின் காற்று அந்தப் பொந்துக்குள் அடைபட்டு அதற்கென்று ஒரு முழக்கத்தைச் சேர்த்தது. ஸ்டாண்ட் தேவை என்பது தெளிவாயிற்று.

உடனே வெல்டிங் பட்டறைக்குப் போகவில்லை. இரண்டு இரும்பு ஸ்டூல்களின் மேல் செங்கல் அடுக்கி உயரத்தைச் சரிசெய்து, எந்த இடம் என்பது முதலில் தேடப்பட்டது. இந்தத் தேடல்தான் வேலை முழுவதிலும் அதிகக் கவனம் கேட்டது.

முதலில் ஸ்பீக்கரின் முகப்பு அதற்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்குமாறு வைக்கப்பட்டது. பாஸ் இறுகியது, ஆனால் ஆண் குரல்கள் சில பதிவுகளில் சன்னமாகின, சிலவற்றில் ஆகவில்லை. அளவீட்டில் 145 ஹெர்ட்ஸில் 8 டெசிபல் பள்ளம். ஸ்பீக்கரிலிருந்து பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியைவிட அரை அலைநீளம் தாமதமாக வரும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். அந்த அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க ஒலியின் வேகத்தைத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் போதும்: 349 வகுத்தல் 2.4, அதாவது 145.

சில பதிவுகளில் மட்டும் ஏன் என்பதற்கு விடை சுருதியில் இருந்தது. இரண்டு கட்டையில் பாடுபவரின் நடு ஸ்தாயி ஷட்ஜம் 147 ஹெர்ட்ஸ். பாடகர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் ஸ்வரமே பள்ளத்துக்குள் விழுந்தது. ஒரு கட்டையில் பாடுபவருக்கு ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். அவர் பள்ளத்தின் ஓரத்தில் தப்பித்தார். கர்நாடக இசை கேட்கும் வீட்டில் ஸ்பீக்கர் இடத்தை முடிவுசெய்யும்போது இந்த வட்டாரத்தைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். மேற்கத்திய ராக் பதிவை வைத்துச் சோதித்திருந்தால் இது பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகம்.

இரண்டு வழிகள் இருந்தன. 85 சென்டிமீட்டருக்கு முன்னால் இழுத்தால் பள்ளம் 103 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்; ஆனால் பால்கனிக் கதவுக்குப் போகும் வழி அடைபடும், பள்ளமும் மந்திர பஞ்சமத்தின் அருகில் போய் உட்காரும். பின்னால் தள்ளி 42 சென்டிமீட்டரில் வைத்தால் பள்ளம் 208 ஹெர்ட்ஸுக்கு ஏறும். அதிர்வெண் ஏற ஏற ஸ்பீக்கர் பின்பக்கம் அனுப்பும் ஒலி குறைவதால் பள்ளத்தின் ஆழமும் குறையும். இரண்டாவது வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. அளந்தபோது 4 டெசிபல் பள்ளம்தான் இருந்தது. சுவருக்கு நெருங்கியதால் கூடிய பாஸைக் குறைக்க, பின்துளையில் ஸ்பீக்கருடன் வந்த ஃபோம் அடைப்பான் செருகப்பட்டது.

இடம் உறுதியான பிறகுதான் ஸ்டாண்ட் செய்யக் கொடுக்கப்பட்டது. அளவுகள்: ட்வீட்டர் ஸ்பீக்கரின் அடியிலிருந்து 30 சென்டிமீட்டர், காது உயரம் 95, ஆகவே ஸ்டாண்ட் 65 சென்டிமீட்டர். சதுர இரும்புக் குழாய் ஒற்றைக் கால். அடியில் 30க்கு 40 சென்டிமீட்டர், 20 மில்லிமீட்டர் தடிமனில் கடப்பா கல் பலகை. குழாய்க்குள் வெயிலில் இரண்டு நாள் காயவைத்த மணல் முக்கால் வாசி நிரப்பி மேல்வாய் அடைக்கப்பட்டது. ஈர மணலைப் போட்டால் உள்ளே துரு பிடிக்கும். காலிக் குழாயாக விட்டால் தட்டினால் மணி அடிக்கும். ஸ்பீக்கருக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே நான்கு மூலையிலும் சுவரில் தாள் ஒட்டும் பசை உருண்டைகள். இரு ஸ்பீக்கர்களுக்கும் இடையே 1.8 மீட்டர், ஒவ்வொரு ட்வீட்டரிலிருந்தும் கேட்பவரின் மூக்கு வரையுள்ள தூரம் டேப்பில் ஒரு சென்டிமீட்டருக்குள் சமம். உள்பக்கம் லேசாகத் திருப்பப்பட்டன, இரண்டின் பார்வையும் கேட்பவரின் தோள்களுக்குச் சற்று வெளியே போகும்படி.

சுவரும் தரையும்

கை தட்டினால் கண்ணாடிக் கதவுக்கும் எதிரே உள்ள வெற்றுச் சுவருக்கும் இடையே ஒரு நடுக்கம் ஓடியது. கதவுக்கு உள்துணி வைத்துத் தைத்த கனமான திரை, கதவகலத்தைப்போல் இருமடங்கு துணியில், நிறைய மடிப்பு விழும்படி. எதிர்ச்சுவரில் ஒரு பலகை: 120க்கு 60 சென்டிமீட்டர், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), 50 மில்லிமீட்டர் தடிமன், மரச்சட்டத்தில் வைத்துக் காட்டன் துணி போர்த்தியது. ராக்வூலைக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடக் கூடாது. பலகையின் இடத்தைக் கண்ணாடி காட்டிக்கொடுத்தது: ஒருவர் சோபாவில் உட்கார, மற்றவர் சுவரோடு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்த, ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ அதுவே நடுப்புள்ளி.

தரைக்கு பவானி ஜமக்காளம் போடலாம் என்பது வீட்டார் யோசனை. ஜமக்காளம் மட்டும் மெல்லியது. மிக உயர்ந்த அதிர்வெண்களைத் தவிர வேறெதையும் அது தொடாது. அடியில் 10 மில்லிமீட்டர் ஃபெல்ட் விரித்து மேலே ஜமக்காளம் போட்டதும் 'ஸ', 'ஷ' ஒலிகளின் கூர்மை தணிந்தது.

உறுமலும் ஊசியும்

டிவியை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்த நாள் முதல் மெல்லிய உறுமல் உண்டு. செட்-டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கியதும் அது நின்றது. வெளியிலிருந்து வரும் கேபிளின் உறைக்கும் வீட்டு எர்த்துக்கும் இடையே ஏற்படும் சுற்று அது. டிவியின் ஆப்டிகல் வெளியீட்டை ஆம்ப்ளிஃபயரின் ஆப்டிகல் உள்ளீட்டோடு இணைத்து, பழைய ஆர்சிஏ ஒயர் எடுக்கப்பட்டது. ஒளியிழையில் மின்சாரம் ஓடாது, சுற்று அறுந்தது. உறுமலை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை அது, எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

எல்பி ஓடும்போது மட்டும் வந்த இன்னொரு கொரகொரப்பு மின்விசிறி ரெகுலேட்டரால் வந்தது. குமிழைத் திருப்பி வேகத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் பழைய வகை, மின்அலையை வெட்டி அனுப்புகிறது. படிப்படியாக மாறும் கபாசிட்டர் வகை ரெகுலேட்டர் போட்டதும் போய்விட்டது.

ஸ்பீக்கருக்கு ஆகாத கடப்பா கல் தட்டு டர்ன்டேபிளுக்கு மிகப் பொருத்தம். கனமான கல், சுவரில் பதிந்தது. தரையில் நடப்பவரின் அதிர்வு அங்கே எட்டுவதில்லை. ஸ்பீக்கர்கள் இறங்கியபின் காலியான இடது தட்டில் அது ஏறியது. பிக்கப் (ஊசி பொருந்திய பாகம்) ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ. அதற்கு ஊசி அழுத்தம் 1.8 முதல் 2.2 கிராம் வரை இருக்க வேண்டும். டிஜிட்டல் தராசில் 1.4 காட்டியது. இசைத்தட்டு தேயாமலிருக்க யாரோ குறைத்து வைத்திருக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் துள்ளிச் சுவர்களைச் சிதைக்கும், முக்கியமாகத் தட்டின் உள்வட்டங்களில். 2.0 கிராமுக்கு அழுத்தமும் அதற்கேற்ப ஆன்டி-ஸ்கேட்டிங்கும் (ஊசி உள்வட்டம் நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) சரிசெய்யப்பட்டன. மையத்திலிருந்து 66, 121 மில்லிமீட்டர் புள்ளிகளைக் காட்டும் அளவட்டையில் பிக்கப்பின் கோணமும் பார்க்கப்பட்டது.

விளைவு

முதல் அளவீட்டில் 60 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை 20 டெசிபலுக்கு மேல் ஏறி இறங்கிய கோடு, கடைசி அளவீட்டில் 9 டெசிபலுக்குள் அடங்கியது. இரண்டும் ஆறில் ஒரு பங்கு ஆக்டேவ் ஸ்மூத்திங்கில் (கோட்டின் சிறு ஏற்ற இறக்கங்களைச் சராசரியாக்கும் அமைப்பு) எடுத்தவை. ஆம்ப்ளிஃபயர் மாற்றும் பேச்சு நின்றது. அதில் குறையே இருக்கவில்லை. கேட்பவர் ஒலியளவை முன்பைவிடக் குறைத்து வைக்கிறார் என்று வீட்டில் சொன்னார்கள். தெளிவுக்காகச் சத்தத்தைக் கூட்ட வேண்டிய தேவை இப்போது இல்லை.

ஒரு மழைக்காலம் கழிந்தபின் மறுபடி பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. வீடு துடைக்கும்போது ஸ்டாண்டுகள் நகர்ந்து, வலது ஸ்பீக்கர் 7 சென்டிமீட்டர் முன்னால் வந்திருந்தது. டைல்ஸில் ஸ்டாண்டின் மூலைகளுக்கும் சோபாக் கால்களுக்கும் சிறு டேப் துண்டுகள் ஒட்டப்பட்டன. ஸ்பீக்கர் பக்கத்து ஒயர் முனைகள் மங்கத் தொடங்கியிருந்தன. நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டி, புதிதாக உரித்து, பனானா பிளக்குக்குள் திருகி இறுக்கப்பட்டது. ஆம்ப்ளிஃபயரின் ஆர்சிஏ குழிகள் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கப்பட்டன.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

பென்சில் பேட்டரி சோதனை மைக்கை வெளியே எடுப்பதற்கு முன்பே நடக்கலாம். அதற்குக் கருவியே தேவையில்லை. பெயின்ட், வயரிங், வீடு மாற்றம் என எது நடந்தாலும் அன்றே செய்துவிட வேண்டியது அது.

லவுட்னெஸ், டோன் குமிழ்கள், டிவியின் ஒலி அமைப்புகள் ஆகியவற்றின் நிலையை முதலிலேயே எழுதி வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வீட்டில் அவை போலாரிட்டிக் கோளாறை ஓரளவு மறைத்தன, அது தீர்ந்ததும் புதுக் கோளாறாகத் தெரிந்தன. இணைப்பைச் சரிசெய்த அதே நிமிடத்தில் குமிழ்களையும் இறக்கியிருந்தால் கேட்பவருக்கு அந்த ஏமாற்றம் பாதியாகக் குறைந்திருக்கும்.

ஸ்பீக்கர் இடத்தைத் தேடும் முன் சுவர்த் தூரக் கணக்கைத் தாளில் போட்டு, அந்த வீட்டில் அதிகம் கேட்கும் குரல்களின் சுருதியோடு ஒப்பிட்டுவிட்டால் 60 சென்டிமீட்டர் சோதனையே தேவைப்பட்டிருக்காது.

மிச்சமிருக்கும் 208 ஹெர்ட்ஸ் பள்ளத்துக்கு, ஸ்பீக்கர்களுக்குப் பின்சுவரில் 100 மில்லிமீட்டர் ராக்வூல் வைத்துப் பார்க்க வேண்டும். முகப்பு 42 சென்டிமீட்டரில், பெட்டியின் ஆழம் 27. பின்னால் 15 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. ஷோகேஸின் கீழ்த்தட்டைக் கொஞ்சம் ஒதுக்கினால் பலகை நிற்கும்.